பிரெஞ்சு டிஃபன்ஸை மாற்றச் சொன்னவர்

“மேடம், இந்த பிரெஞ்சு டிஃபன்ஸ் வேண்டாம். வேற ஏதாவது சொல்லிக் குடுங்க.”

கல்யாண மண்டபத்தின் பந்திக்கூடத்தில் ஜெயசீலன் வந்த வேகத்தில் கேட்டார். மாடியில் மாவட்ட ஜூனியர் செஸ் போட்டி. அவர் மகள் மகிழினி இப்போதுதான் தோற்றுவிட்டு இறங்கியிருந்தாள். கடைசி ரவுண்டில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். அதிலும் அவளுக்குக் கறுப்புக் காய்தான்.

பயிற்சியாளர் தாட்சாயணிக்குத் தலை வலித்தது. கறுப்புக் காய்களோடு ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளில் சிசிலியனை மாற்றச் சொன்னவரும் இவர்தான். அதற்கு முன்னால் காரோ-கானை மாற்றச் சொன்னவரும் இவர்தான். இப்படியே போனால் உலகத்தில் டிஃபன்ஸே மிஞ்சாது.

“பாப்பா ஏன் தோத்தா?”

“எதிர்ல ஆடின பொண்ணு புத்தகத்துல இல்லாததெல்லாம் ஆடுறா மேடம். நாங்க அவ்வளவு மனப்பாடம் பண்ணினதும் வீணாப் போச்சு.”

“நாங்கன்னா?”

“நானும்தான். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.”

இவரிடம் பேசிப் பிரயோசனமில்லை. தாட்சாயணி பையிலிருந்த செஸ் விரிப்பை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காய்களை அடுக்கினாள்.

“உட்காருங்க. நீங்க கறுப்பு.”

அவள் வெள்ளைச் சிப்பாய் ஒன்றை நகர்த்தினாள். ஜெயசீலன் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயைப் பட்டென்று ஒரு கட்டம் தள்ளினார்.

அவள் ராணியை வெளியே எடுத்தாள். அவர் பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினார்.

அவள் அந்த ராணியைக் கொண்டுபோய் அவர் முதலில் தள்ளிய சிப்பாயின் வாயிலேயே வைத்தாள். வெட்டினால் கதை முடிந்தது. அவர் மூன்றாவது சிப்பாயைத் தள்ளினார். முகத்தில் அவ்வளவு பெருமை.

தாட்சாயணிக்கு எரிச்சலில் சிரிப்புகூட வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவர் குதிரையை எடுத்து வைத்தார்.

“சார், நான் இன்னும் ஆடவே இல்ல.”

ஜெயசீலனின் கை குதிரைமேலேயே நின்றது. அப்போதுதான் விரிப்பைப் பார்த்தார்.

“உங்க ராணி எப்ப மேடம் இங்க வந்துச்சு?”

தாட்சாயணி காய்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள்.

மைக்கில் கடைசி ரவுண்டுக்கு அழைத்தார்கள். மகிழினி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

“அப்பா, நான் என்ன ஆடட்டும்? சீக்கிரம் சொல்லுங்க.”

ஜெயசீலன் வாயைத் திறந்தார். தாட்சாயணியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

“முதல்ல எதிர்ல உட்கார்ற பொண்ணு ஆடட்டும் பாப்பா.”