உமரித் தண்ணீர்

உப்பங்கழி ஓரம், அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு குரு இருந்தார். வயது முப்பத்தாறு. அவருடைய ஒரே சீடர் தாண்டவராயருக்கு அறுபத்திரண்டு. துறையூரில் மளிகைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர்.

"தீட்சை வேண்டும் சாமி," என்றார் வந்த அன்றே.

"எதை விட முடியாதோ அதை ஒரு மண்டலம் விட்டுப் பாருங்கள். நாற்பத்தெட்டு நாள்."

தாண்டவராயர் யோசித்தார். கல் உப்பு மூட்டைமேல் உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு.

"உப்பு," என்றார். "சாமி எதை விட்டீர்கள்?"

"இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறேன்."

நான்கு நாள் உப்பில்லாக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள், சேற்றில் குச்சி குச்சியாக நின்ற ஒரு பச்சைச் செடியை ஆடு தின்பதைப் பார்த்தார். ஆடு தின்றால் ஆளும் தின்னலாம். பறித்து வேகவைத்தார். அன்று முதல் மனம் அடங்கிவிட்டது.

அடங்கிய செய்தியைத் தோணிக்காரரிடம் சொன்னார். நண்டு பிடிப்பவர்களிடம் சொன்னார். மகனுக்கும் கார்டு போட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் புது வேட்டி கட்டி வந்து உட்கார்ந்தார்.

"ஒரு கல் உப்பு தொடவில்லை சாமி."

"என்ன சாப்பிட்டீர்கள்?"

"ஏதோ கழிக்கீரை."

குரு சிரிக்கவில்லை. நண்டுக் கூடையோடு போய்க்கொண்டிருந்த கோசலையைக் கூப்பிட்டார்.

"அக்கா, இவர் தினமும் தின்கிற உமரிக்கீரையைக் கொஞ்சம் சமைத்துக் கொடுங்களேன்."

"உப்பு போட்டுவிடாதே அம்மா!" தாண்டவராயர் பதறினார்.

"உமரிக்குப் போயி யாராச்சும் உப்பு போடுவாங்களா பெரியவரே? அது நிக்கிறதே உப்புலதான். ரெண்டு தடவை வேகவச்சு வடிச்சாத்தான் வாயில வைக்க முடியும். நீங்க எத்தனை தடவை வடிச்சீங்க?"

தாண்டவராயர் தரையைப் பார்த்தார்.

"வடிக்கவே இல்லையா?"

"கீரைத் தண்ணீரைக் கொட்டினால் சத்து போய்விடும் அம்மா. குடித்துவிடுவேன்."

"அடப் பாவமே! அதான் மொகம் அப்புடித் தெளிஞ்சு கெடந்துச்சா!"

கோசலை இரண்டு தடவை வடித்து, கீரையை இலையில் வைத்தாள். தாண்டவராயர் ஒரு வாய் எடுத்தார்.

"இதில் ஒன்றுமே இல்லையே," என்றார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. "அப்போது தீட்சை? ஜெயித்துவிட்டேன் என்று மகனுக்கு எழுதிவிட்டேனே சாமி. எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்?"

வடித்த தண்ணீர் இருந்த பானையைக் குரு காட்டினார்.

"அதைக் கழியில் கொட்டிவிட்டு வாருங்கள். இப்போதே தீட்சை தருகிறேன்."

தாண்டவராயர் பானையைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் போனார். நாலடி தூரம்தான். வர வெகுநேரம் ஆயிற்று. பானை காலி.

"கொட்டியாயிற்றா?"

தாண்டவராயர் பானையை நீட்டினார்.

"மீசை சொட்டுது பெரியவரே," என்றாள் கோசலை.

குரு பானையை வாங்கிக் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு ஒன்று விழுந்தது. உள்ளங்கையில் ஏந்தி நக்கிக்கொண்டார்.

"நாளைக்கு மறுபடியும் முதல் நாள்," என்றார். "உங்களுக்கு இது இரண்டாம் தடவை. எனக்குப் பதினேழாவது."