மணையில் யாரு?

பரங்கிக்காயை அருவாமணையில் அழுத்தி இரண்டாகப் பிளந்தாள் தையல்நாயகி. விதையை வழித்துப் போட்டுவிட்டுத் துண்டு போட ஆரம்பித்தாள். அவள் நறுக்கினால் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று இருக்காது. மடத்தில் அவள் கைபட்ட எந்த வேலையும் அப்படித்தான். அது அவளுக்கே தெரியும். பக்கத்தில் தூளியில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எதிரே அகிலாண்டம் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். மடத்துக்கு வந்து இரண்டு மூன்று மாதம்தான் இருக்கும். காயைக் குப்பைப் பக்கமும் காம்பைத் தட்டிலுமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏன் அகிலா, காம்பை நாம தின்னுட்டுக் காயை மாட்டுக்குப் போடலாம்ங்கிறியா?”

“அய்யய்யோ, மாத்திப் போட்டுட்டேனா அக்கா?”

காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த வழியாக வந்த குருவம்மா நின்றார். மடத்தை நடத்துகிறவர் அவர்தான். தட்டைப் பார்த்தார்.

“மெதுவாப் பண்ணு அகிலா. அவசரமில்லை.”

மெதுவாப் பண்ணு. இந்த ஆறு வருஷத்தில் தன்னிடம் ஒரு நாளாவது குருவம்மா இப்படிக் குழைந்து பேசியதுண்டா என்று தையல்நாயகி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. பரங்கித்துண்டு அருவாமணையிலிருந்து துள்ளி விழுந்தது.

அப்போதுதான் பஞ்சாயத்து ஆள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அணையைத் திறந்தாச்சு. பொழுது சாயறதுக்குள்ள திட்டு முங்கிடும்.”

கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் கோரைத்திட்டுச் சனம் முழுக்க மடத்துக்குத்தான் வரும். அங்கே மேடான இடம் அது ஒன்றுதான். அந்த மாதிரி நாளுக்கென்று மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பலாமர மணையைப் போட்டு, மேலே கிளையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். எவ்வளவு கூட்டத்திலும் துணி கண்ணில் படும். மணையில் உட்கார்ந்தவர் சொல்வதுதான் அன்றைக்குச் சொல். படகு எந்தப் பக்கம் போக வேண்டும், கஞ்சி யாருக்கு முதலில், எல்லாம் அங்கே கேட்டுத்தான். போகிறவர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தவர் வந்து சொல்ல வேண்டும். மணை காலியாகக் கிடக்கக் கூடாது. எழுந்திருக்க நேர்ந்தால் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கலாம்.

இதுவரை குருவம்மாவேதான் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு நிற்கவே முடியவில்லை.

தையல்நாயகி உள்ளே போய் ஆணியிலிருந்து மணையை எடுத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்தவள் அவள். தண்ணீரே வராத வருஷத்திலும் துடைத்தாள். மரத்தடியில் போட்டு, முந்தானையால் ஒரு தடவை தட்டிவிட்டு, தள்ளி நின்றாள். இன்னும் உட்காரவில்லை. சொல்லட்டும் என்று நின்றாள்.

“அகிலா, நீ உட்காரு” என்றார் குருவம்மா.

அகிலாண்டம் பயந்துபோனாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதே குருவம்மா.”

“வர்றவங்ககிட்ட அப்படியே சொல்லு. தெரியாதுன்னு.”

அவ்வளவுதான். குருவம்மா கம்பளியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

தையல்நாயகிக்கு முகம் சுண்டிப் போயிற்று. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும், எல்லாரும் பார்க்கிற மாதிரி இருந்தது. வேலையில் இறங்கினாள். அடுப்புக் கூட்டினாள், அரிசி களைந்தாள், தார்ப்பாய் கட்டினாள். கை ஓடியது. காது மட்டும் மரத்தடியிலேயே இருந்தது.

“எங்க தெருவுல எத்தனை வீடா? நாங்க சொல்றோம், கேட்டுக்கம்மா” என்று ஒரு கிழவர் அகிலாண்டத்திடம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இன்னொருவர். பிறகு ஒரு கூட்டமே. தனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்வதற்குச் சனம் வரிசையில் நின்றது.

ஒருத்தி பழக்கத்தில் தையல்நாயகியிடம் வந்து, “தையலு, மாட்டை எங்க கட்ட?” என்றாள்.

“என்னை ஏன் கேக்கறே? மரத்தடியில மகாராணி உக்காந்திருக்கா, அங்க போய்க் கேளு.”

உச்சிப்பொழுதுக்குக் கீழத்தெருப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. தையல்நாயகி கரண்டியைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினாள். மடத்துக்கு இருந்தது ஒரே படகு. படகோட்டி நாவுக்கரசு பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

“நாவுக்கரசண்ணே, படகை எடு. கீழத்தெரு.”

“இரு தங்கச்சி, மணையில ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

“நீ போய்ச் சொல்லி, கீழத்தெரு எங்க இருக்குன்னு அவ உன்னையே கேட்டு, நீ வழி சொல்லி முடிக்கறதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துடும்.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்கே.”

“முங்கறவன்கிட்ட போய் வழக்கம் பேசுவியா? எடுண்ணே.”

எடுத்தார். படகு நகரும்போது தையல்நாயகி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிவப்புத் துணி தெரிந்தது. அதன் கீழே இருந்தவள் தெரியவில்லை. தெரியாததே நல்லது என்று இருந்தது.

கீழத்தெரு சனம் பள்ளிக்கூடப் படிக்கட்டில் ஏறி நின்றிருந்தது. தையல்நாயகி இடுப்புத் தண்ணீரில் இறங்கி, குழந்தைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் படகில் விட்டாள். ஒரு வயசான அம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும் ஆத்தா” என்று அழுதாள். எல்லாரையும் ஏற்ற, போய்ப் போய் வர வேண்டியிருந்தது. துறைக்கு வந்தாலும் படகை விட்டு அவள் கரையேறவில்லை. நாவுக்கரசையும் ஏற விடவில்லை. இருந்த இடத்திலேயே இறக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு போனாள்.

கடைசி நடையில் அந்த வயசான அம்மாவைத் தானே கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். துறையிலிருந்து அடுப்படிக்குக் குறுக்கு வழி இருந்தது; முன்னால் இறங்கின சனமெல்லாம் அப்படித்தான் போயிருந்தது. அவள் வேண்டுமென்றே மரத்தடி வழியாக வந்தாள்.

அகிலாண்டம் மணையிலிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அக்கா, படகு உங்ககிட்டயா இருந்துச்சு?”

“ஆமா. ஒரு தெருவையே கரை சேத்துட்டு வர்றேன். நீ நல்லா உக்காந்திருந்தியா?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அகிலாண்டம் சிரிக்கவில்லை.

“செங்கல் காளவாய்லேர்ந்து ஒருத்தர் நீந்தி வந்தாரு. பொண்டாட்டி நிறைமாசமாம். படகு துறையிலதான் இருக்குன்னு நெனச்சு, ‘நீங்க முன்னாடி போய்த் தைரியம் சொல்லுங்க, பின்னாடியே அனுப்பறேன்’னு சொல்லிட்டேன். ஆள் விட்டுப் பாத்தா படகைக் காணலை. எங்க போச்சுன்னு சொல்ல இங்க ஒருத்தரும் இல்லை.”

“கீழத்தெருவுல கத்தினாங்களே...”

“அவங்களுக்குப் பள்ளிக்கூட மாடி இருக்கு, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு காலையிலேயே அந்தத் தெருப் பெரியவர் சொன்னாரு அக்கா. சாவியும் அவங்ககிட்டதான் இருந்துச்சு. சரி, இப்ப நேரா காளவாய்க்குப் போங்க.”

தையல்நாயகி திரும்பி ஓடினாள்.

காளவாயில் அவர்கள் நின்றிருந்தது சுடாத செங்கல் அடுக்கின் மேல். பச்சைக்கல் தண்ணீர் பட்டால் கரையும். அடுக்கு வெண்ணெய் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நடுவில் நின்றாள். புருஷன் அவளைத் தோளில் தாங்கிக்கொண்டு, தன் காலுக்கடியில் கல் இறங்க இறங்கக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். அவளைத் தூக்கிப் படகில் விட்டார்கள். அவன் கால் எடுத்த கையோடு அடுக்கு சேறாகச் சரிந்து தண்ணீரோடு போயிற்று.

படகில் அவன் யாரையும் திட்டவில்லை. நடுங்கிக்கொண்டே சொன்னான்:

“பின்னாடியே படகு வருதுன்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் நான் திரும்பி நீந்திப் போய் இவகிட்ட சொன்னேன். திரும்பித் திரும்பிச் சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்புறம் எனக்கே நம்பிக்கை போயிடுச்சு.”

நாவுக்கரசு தையல்நாயகியைப் பார்க்காமல் துடுப்புப் போட்டார்.

கரையேறியதும் மணைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தையல்நாயகிக்குக் கால் வரவில்லை. நாவுக்கரசுதான் போய்ச் சொன்னார். அகிலாண்டம் முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தண்ணீர் வடிய ஆரம்பித்தது. காளவாய்க்காரிக்கு மடத்திலேயே பெண் பிறந்தது. குருவம்மா காய்ச்சல் விட்டு எழுந்து வந்தார். அகிலாண்டம் படகு விஷயத்தைச் சொல்வாள், குருவம்மா தன்னைக் கூப்பிட்டுக் கேட்பார் என்று தையல்நாயகி காத்திருந்தாள். அகிலாண்டம் சொல்லவே இல்லை. அதுவும் எரிந்தது. நல்லவள் என்ற பேரையும் அவளே எடுத்துக்கொண்டாளா? கோள் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

பொறுக்க முடியாமல் தானே போனாள். குருவம்மா மரத்துக்குப் பக்கத்தில் அருவாமணையைப் போட்டு ஒரு பரங்கிக்காயை முன்னால் வைத்திருந்தார்.

“குருவம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“நான் செஞ்சது தப்புதான். காளவாய் விஷயம் யார் மூலமாவது உங்க காதுக்கு வந்திருக்கும். ஆனா அது அப்புறம் நடந்தது. அதுக்கு முன்னாடியே நீங்க அவளைத்தானே உட்கார வச்சீங்க. ஏன் என்னை வைக்கலை?”

“இந்தக் காயை நறுக்கி முடிச்சதும் சொல்றேன். அதுவரைக்கும் நீ மணையில இரு.”

“தண்ணிதான் வடிஞ்சிடுச்சே.”

“சனம் இன்னும் வடியலையே. அகிலா, எழுந்திரு. தையல் உட்காரட்டும்.”

அகிலாண்டம் மரத்துப் போன காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். தையல்நாயகி உட்கார்ந்தாள். ஆறு வருஷம் துடைத்த மணை. உட்கார்ந்தால் உயரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். தரையோடு தரையாகத்தான் இருந்தது.

குருவம்மா நறுக்க ஆரம்பித்தார். தோலைச் சீவவில்லை. ஒரு துண்டு கட்டைவிரல் அளவு, ஒரு துண்டு உள்ளங்கை அளவு. தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் அரித்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

“கொடுங்க குருவம்மா, நான் நறுக்கறேன்” என்று எழுந்து போய்க் கை நீட்டினாள்.

“மணையில யாரு?”

திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஒருவர் தார்ப்பாயை மடித்துக்கொண்டு வந்து, இதை எங்கே வைக்க என்று கேட்டார். பெரிய உள்ளில் வையுங்கள் என்று சொன்னாள். அது எந்த அறை என்று தெரியாமல் அவர் தடுமாறினார். “இருங்க, காட்டறேன்” என்று எழுந்து, தானே தோளில் போட்டுக்கொண்டு போய், சுவரோரம் ஒழுங்காக அடுக்கிவிட்டு வந்தாள்.

வரும்போது குருவம்மா கேட்டார்: “மணையில யாரு?”

தையல்நாயகி நின்றுவிட்டாள்.

“கஞ்சிக்கு அண்டா குடுத்த அண்டாக்காரர் அதைத் திருப்பி வாங்க வந்தாரு. மணையைப் பாத்தாரு. போயிட்டாரு” என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டை நறுக்கினார் குருவம்மா.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். இந்தத் தடவை கையை மடியில் கோத்துக்கொண்டாள். அகிலாண்டம் மரத்தில் சாய்ந்து நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“அந்த வயசான அம்மா உங்க கழுத்தை விடாம வந்தாங்களே, அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது.”

“உனக்கா?”

“இவ்ளோ சனம் கரையேறிச்சு. ஒருத்தர் கையைக்கூட நான் தொடலை. என் பேரே யாருக்கும் தெரியாது. ‘மணையில சொல்லு, மணையில கேளு’ன்னுதான் கடைசி வரைக்கும். உங்களைப் பாத்துப் பாத்து, இந்தப் பாழாப்போன பலகையைத் தூக்கி ஆத்துல போட்டுட்டு ஓடியாந்துடலாமான்னு இருந்துச்சு.”

தையல்நாயகி அவளைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிக்க வந்தது. அழுகையும் வந்தது.

“நான் உன்னைப் பாத்து வெந்துக்கிட்டிருந்தேன்டி.”

“தெரியும்க்கா. மகாராணின்னு சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு.”

குருவம்மா தலை நிமிரவில்லை. நறுக்கிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து தையல்நாயகி அவர் பக்கம் திரும்பினாள். கேட்க வந்ததை இப்போது வேறு மாதிரி கேட்க வேண்டும் போலிருந்தது.

“குருவம்மா, அடுத்த தடவை தண்ணி வந்தா இந்த மணையில...”

“தையலு!” அடுப்படியிலிருந்து நாவுக்கரசின் மனைவி குரல் கொடுத்தாள். “உன் மக முழிச்சுட்டா. தூளிய விட்டு இறங்கப் பாக்கறா.”

தையல்நாயகி விருட்டென்று எழுந்தாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். கையை நீட்டி அகிலாண்டத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மணையில் உட்கார வைத்தாள்.

“அகிலா, நீ இரு. அண்டாக்காரர் திரும்பி வருவாரு, அவர் சாமான் கிணத்தடியில இருக்குன்னு சொல்லு. தார்ப்பாய் வந்தா பெரிய உள்ளுக்கு. காளவாய்க்காரிக்கு வெந்நீர் சொல்லியிருக்கேன், வரலைன்னா ஆள் விட்டுக் கேளு.”

“சரிக்கா.”

அப்புறம்தான் ஓடினாள்.

குருவம்மா மணையில் இருந்தவளைப் பார்த்துவிட்டு அருவாமணையைச் சாய்த்து வைத்தார். பரங்கிக்காயில் பாதி அப்படியே கிடந்தது.

“காய் நறுக்கி முடிஞ்சுது” என்றார்.