எட்டு நிமிட விளமீன்

“ஏழு மணிக்கு வரும். கதவைத் தட்டாது. வந்துட்டா பெரியவங்களுக்குக் குரல் ஏறும், சின்னவங்களுக்கு முகம் வாடும். தட்டு வச்சா போயிரும். அது என்ன அண்ணாச்சி?”

“பசி” என்றார் தவசிமுத்து. “இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் என்னை நிக்க வச்ச?”

“விடை சரி. அப்புறம் ஏன் உங்க வீட்டுல மட்டும் அது போக மாட்டேங்கு?”

தவசிமுத்துவுக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் நிற்பது அவருக்குப் பிடிக்கவும் இல்லை. அவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். இருபத்திரண்டு வருடங்களாகக் கேள்வி கேட்பது அவர் வேலை. நிற்பது மற்றவர்கள் வேலை.

எதிரே இருந்த மெல்டாவுக்கு இருபத்தெட்டு வயது. நான்கு வருடம் ஒரு பயணிகள் கப்பலின் அடுக்களையில் இருந்தவள். கிரேக்கக் கரையிலும் இத்தாலிக் கரையிலும் மீன் சமைக்கக் கற்றுக்கொண்டு தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தாள். கடற்கரைச் சாலையில் ஆறு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். மதியத்தோடு கடை மூடிவிடும். சாயங்காலத்தில் கேட்பவர்களுக்குச் சமையல் சொல்லித் தருவாள்.

“தட்டு வைக்கேன். தினமும் வைக்கேன். தொட மாட்டேங்கா” என்றார் தவசிமுத்து. “ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துக்கிடுதா. ஒன்பது வயசுப் பிள்ளை, ரெண்டு கிலோ இறங்கிட்டா. நான் என்ன விஷமா வைக்கேன்?”

அவர் மனைவி பகவதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த மாதம் முதல் அவளுக்குச் சாயங்கால வேலை. ராத்திரிச் சாப்பாடு அவர் தலையில் விழுந்தது. பொரித்தது வேண்டாம், கடைப் பரோட்டா வேண்டாம், மீன் கொடுங்கள் என்று ஒரு தாளில் எழுதி பகவதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பகவதியின் அக்கா உலகம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வருவாளாம். அதற்குள் மகள் சுடர்க்கொடி அப்பா கையால் ஒரு வேளையாவது சாப்பிடாவிட்டால் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடுவாளாம். பகவதியும் சரி என்று சொல்லிவிட்டாள்.

“என் பிள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியாதாம்! முந்நூறு பிள்ளைங்களை மேய்க்கேன் நான்!”

“சத்தம் போடாதீங்க. பூண்டை உரிங்க” என்றாள் மெல்டா.

அன்று திங்கட்கிழமை.

அகலமான சட்டியில் ஆலிவ் எண்ணெய் விட்டாள். நசுக்கிய பூண்டைப் போட்டாள். தக்காளியை நான்காகப் பிளந்து போட்டு, குழைந்ததும் நான்கு ஆலிவ் காய்களைச் சேர்த்தாள். அதன் மேல் விளமீன் துண்டுகளை வைத்து, உப்புத் தூவி மூடினாள்.

“மிளகாய்த்தூள்?”

“வேண்டாம்.”

“மஞ்சளாவது?”

“வேண்டாம்.”

“புளி?”

மெல்டா பாதி எலுமிச்சம்பழத்தை அவர் கையில் வைத்தாள். “இறக்கினதும் பிழியுங்க.”

“இதுக்குப் பேரு சமையலா? பத்தியச் சாப்பாடு மாதிரில்லா இருக்கு.”

எட்டாவது நிமிடம் மூடியைத் திறந்தாள். மீன் வெள்ளை வெளேரென்று பூவாக விரிந்திருந்தது. ஒரு துண்டைத் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்கு? பாப்பாவுக்குத்தானே” என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

மெல்டா அதைத் தானே சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வாசலிலேயே குரல் கேட்டது.

“சாப்பிடலை! உன் முறை தப்பு!”

“எப்படிச் செஞ்சீங்க?”

“நீ சொன்ன மாதிரிதான். மீனை மஞ்சளும் உப்பும் போட்டு மூணு தடவை கழுவினேன். ஒரு மணி நேரம் ஊற வச்சேன். அடுப்புல வச்சு...”

“எத்தனை நிமிஷம்?”

“நாப்பது. மீன் வேகணும்லா?”

மெல்டா தன் காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். “நாப்பது நிமிஷத்துல மீன் இப்படித்தான் ஆகும்” என்றாள்.

தவசிமுத்து செருப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சரி. எட்டு நிமிஷம்” என்றார்.

புதன்கிழமை அவர் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயக் கடிகாரத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். எட்டு நிமிடம் என்றால் எட்டே நிமிடம். மீன் பூவாக விரிந்தது. எலுமிச்சை பிழிந்தார். மணம் மாடிப்படி வரை போனது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன சார், விருந்தா?” என்று கேட்டார்.

சுடர்க்கொடி ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டாள்.

வியாழக்கிழமை தவசிமுத்து கடைக்குள் நுழைந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

“இனி நீயே சொல்லு! மீன்ல குத்தம் இல்ல. உப்புல குத்தம் இல்ல. எட்டு நிமிஷத்துக்கு ஒரு நொடி கூட ஆகலை. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய? பிள்ளைக்குத் திமிரு. அவ்வளவுதான்.”

“எப்படிப் பரிமாறினீங்க?”

“எப்படிப் பரிமாறுவாங்க? ஒரு முள்ளு விடாம எடுத்தேன். பிச்சு வச்சேன். உக்கார வச்சுப் பக்கத்துலேயே நின்னேன். எந்த வாயை மெல்லுதா, எந்த வாயை ஒதுக்குதான்னு பார்த்துக்கிட்டே நின்னேன். ‘சாப்பிடு, உடம்புக்கு நல்லது, சாப்பிடு’ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பாசம் இல்லாதவனா நான்?”

“நீங்க எப்பச் சாப்பிட்டீங்க?”

“நானா? அவ எந்திரிச்ச பிறகு. முந்தின நாள் சாளை மீன் குழம்பு இருந்தது. அடுக்களையில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் தின்னேன்.”

“விளமீன்?”

“அது எனக்கு இறங்காதும்மா. அதுல என்ன இருக்கு? காரமா, புளியா?”

மெல்டாவின் முகம் மாறியது. இந்த நான்கு நாட்களில் அவளுக்குக் கோபம் வந்து அவர் பார்த்ததில்லை. அவள் உள்ளே போனாள். பூண்டு நசுங்கும் சத்தம் கேட்டது. அன்று கொஞ்சம் பலமாகவே நசுங்கியது.

வெளியே வந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“சாப்பிடுங்க.”

அவர் ஒரு துண்டைக் கிள்ளினார். மெல்டா அவர் தோளை ஒட்டி நின்றாள். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

“நல்லா மெல்லுங்க.”

அவர் மென்றார்.

“அந்தத் தக்காளியை ஏன் ஒதுக்குதீங்க? எடுங்க. உடம்புக்கு நல்லது.”

“சாப்பிடுதேன்ல.”

“பேசாதீங்க. இன்னும் ஆறு துண்டு இருக்கு. முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும்.”

“நீ சாப்பிடலையாம்மா?”

“நானா? எனக்கு எதுக்கு இதெல்லாம்? உள்ள நண்டுக் குழம்பு வச்சிருக்கேன். நீங்க முடிங்க, நான் பிறகு தின்னுக்கிடுதேன்.”

நண்டுக் குழம்பின் வாசனை உண்மையாகவே உள்ளேயிருந்து வந்தது.

தவசிமுத்து இன்னொரு துண்டை எடுத்தார். கை பாதியில் நின்றது. மெல்டா குனிந்து அவர் முகத்துக்கு நேரே, “ம்... ஆ...” என்றாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“இப்படி மேல நின்னு முறைச்சா மனுஷனுக்கு எப்படிம்மா தொண்டைக்குள்ள இறங்கும்? நல்லதுன்னா நீயும் உக்காந்து தின்ன வேண்டியதுதானே? உனக்கு நண்டு, எனக்கு இது! நான் என்ன நோயாளியா?”

கடைக்குள் வேறு யாரும் இல்லை. அவர் குரல் ஆறு மேசைகளையும் சுற்றி வந்தது.

மெல்டா விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினாள்.

தவசிமுத்து நின்றுகொண்டே இருந்தார். வாய் இன்னும் திறந்திருந்தது. பிறகு மெதுவாக மூடிக்கொண்டது. வாசலுக்குப் போய், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். நாலு கடை தள்ளித்தான் கால் மாறியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே உலகம்மாள் வந்துவிட்டாள். ஒரு கையில் சுடர்க்கொடியின் துணிகளுக்குப் பை. இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பா.

“இன்னைக்காவது சாப்பிட்டாளா?”

“இன்னும் ஏழு மணி ஆகலையே, மதினி” என்றார் தவசிமுத்து.

“ஏழாகட்டும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். கடைசி பஸ்ஸை விட்டா யாரு பதில் சொல்ல?”

சுடர்க்கொடி ஷூ போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

அடுக்களையில் பூண்டு நசுங்கியது. தக்காளி குழைந்தது. எட்டு நிமிடம் ஓடியது. தவசிமுத்து சட்டியோடு கூடத்துக்கு வந்து அதை நடுத்தரையில் இறக்கினார். இரண்டு தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு தட்டில் ரெண்டு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டு, எலுமிச்சை பிழிந்து, சாப்பிட ஆரம்பித்தார்.

உலகம்மாள் பையைக் கீழே போட்டாள்.

“என்ன அநியாயம் இது! பச்சைப் பிள்ளை நிக்குது, நீங்க பாட்டுக்கு உக்காந்து முழுங்குதீங்க? இதைத்தான் தினமும் செய்யுதீங்களா? பகவதிகிட்ட சொன்னா நம்புவாளா?”

தவசிமுத்துவின் காது மடல் சிவந்தது. பதில் சொல்ல நாக்கு துடித்தது. கண் சுவரோரம் போகப் பார்த்தது. அவர் அதை இழுத்துத் தட்டில் வைத்தார். இந்த வாரத்திலேயே அதுதான் கஷ்டமான வேலை.

மீனில் முள் இருந்தது. அவர் முன்கூட்டி எடுத்திருக்கவில்லை. வாயிலிருந்து அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொரு வாய் எடுத்தார். கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு பிழி எலுமிச்சை விட்டுக்கொண்டார்.

“நல்லா இருக்கா?” என்று கேட்டாள் சுடர்க்கொடி.

“காரம் இல்ல” என்றார் அவர், நிமிராமல். “புளிப்பு பரவாயில்ல. ஆலிவ் காய் எனக்குப் பிடிக்கல.”

அவர் ஆலிவ் காயை எடுத்து முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பிள்ளைகிட்ட சொல்லுத பேச்சா இது!” உலகம்மாள் சட்டியைத் தாண்டி வந்து, டப்பாவைத் திறந்து தரையில் வைத்தாள். தக்காளிச் சாதம். மேலே வறுத்த நிலக்கடலை. ஓரத்தில் அப்பளம். “சுடரு, நீ வா. இதைத் தின்னுட்டுக் கிளம்புவோம்.”

மணி ஏழடித்தது.

சுடர்க்கொடி டப்பாவைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, அப்பாவின் தட்டிலிருந்த துண்டை எடுத்துச் சாப்பிட்டாள்.