தட்டில் மிஞ்சிய வெற்றிலை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, மழை தவறாத ஒரு சீமையைச் சண்டமாருதன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் பல்லக்கு கொடுப்பான், மாலையில் அதே ஆளைப் பல்லக்குத் தூக்கச் சொல்வான். அவன் பாட்டனார் கட்டிவைத்த அன்னசத்திரம் ஒன்று ஊர் எல்லையில் இருந்தது. அதை நடத்த ஊர்ப் பெரியவர்கள் கூடிய சபை ஒன்று. சபைக்குத் தலைவர், ராஜாவின் காதை விட்டு நகராத பூபதிராயர்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராயர் தீர்மானத்தை யாருக்கும் புரியாத பெரிய பெரிய வார்த்தைகளில் இழுத்து இழுத்துச் சொல்வார். வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். இலையை எடுத்தால் சம்மதம். எடுக்காமல் விட்டவர் யாரும் கிடையாது. ஜவுளிக்கடை ஏகாம்பரமும் எடுப்பார். ரொம்பப் பயந்த சுபாவம். கடையில் சேலை விலையைச் சொல்வதற்கே இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார்.

இப்படித்தான் ஒருநாள், ராயர் வீட்டுப் பத்தாயத்தில் புழுத்துக் கிடந்த நெல்லைச் சத்திரத்துக்கு வாங்கச் சம்மதித்து எல்லோரும் இலை எடுத்துவிட்டார்கள். ஏகாம்பரமும் எடுத்து, சுண்ணாம்பு தடவி, மென்றுகொண்டே வீட்டுக்குப் போனார். அந்தச் சோற்றைத் தின்ற பரதேசி ஒருவர் வயிற்றுப்போக்கில் செத்துப்போனார். அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்கு வெற்றிலை இறங்கவில்லை.

ராஜா கொதித்துப்போனான். "சபையார் தற்குறிகள் மகாராஜா, நான் ஒருவன் என்ன செய்ய?" என்று ராயர் கையை விரித்தார். மந்திரி வெண்காடர் மட்டும், அவர்களுக்கு அறிவு இருக்கிறது, கேள்வி கேட்கத்தான் யாரும் பழக்கவில்லை என்றார். வெண்காடரை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த ராயர் குனிந்து ராஜாவின் காதில் ஏதோ ஓதினார்.

"அப்படியானால் நீரே பழக்கும். பௌர்ணமியன்று தட்டை நானே நீட்டுவேன். ஒருவனாவது வாய் திறந்து கேட்க வேண்டும். எல்லோரும் இலையை எடுத்துக்கொண்டு போனால், உம்முடைய தலை பட்டத்து யானையின் காலுக்கு" என்றான் ராஜா.

வெண்காடர் சபையாரைச் சத்திரத்துக் களஞ்சியத்துக்குள் கூட்டினார். ராயர் மாதிரியே எதையோ இழுத்து இழுத்துச் சொன்னார். தட்டு சுற்றியது. எல்லோரும் எடுத்தார்கள். உடனே, வெண்காடரும் உள்ளே இருக்க, கதவு வெளியே தாழிடப்பட்டது.

"எதற்குச் சம்மதித்தீர்கள் தெரியுமா? சோறு தண்ணீர் இல்லாமல் இதற்குள்ளேயே கிடப்பதற்கு" என்றார் வெண்காடர். காவலாளி அவர் சொன்னாலும் திறக்கமாட்டானாம். சபை செய்த தீர்மானத்தைச் சபைதான் மாற்ற வேண்டுமாம்.

புழுத்த நெல்லின் நாற்றத்துக்கு எல்லோரும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எலிகள் காலடியில் ஓடின. முதலில் அழுதார்கள், பிறகு ஒருவரையொருவர் ஏசினார்கள். பசி வந்த பிறகுதான் பேசினார்கள். கதவைத் திறக்கும் தீர்மானத்துக்கு வெண்காடர் தட்டைத் திரும்பச் சுற்றினார். இந்தத் தடவை ஒவ்வொருவரும் இலையைத் தொடுமுன் கேட்டார்கள்: இதனால் யாருக்கு லாபம், யாருக்குக் கேடு, நாளைக்கு யார் பொறுப்பு? கதவு திறந்தது. ஏகாம்பரம் மட்டும் கேட்கவில்லை. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. வெண்காடர் அவரை ஏசாமல் முதுகில் தட்டி அனுப்பினார். அதுதான் ஏகாம்பரத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

ராயர் சும்மா இருப்பாரா? ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். ராஜாவையே எதிர்த்துக் கேட்கிற வாய் பிறகு சோறு தின்னாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தார். ஏகாம்பரத்தின் கடையில் நல்ல பட்டாக ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்து, "தீப்பிடித்தால் நிமிஷத்தில் போய்விடும், இல்லையா?" என்று கேட்டார்.

பௌர்ணமி வந்தது. சத்திரத்து வாசலில் யானையைக் கட்டியிருந்தார்கள். அது காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் சங்கிலிச் சத்தம் உள்ளே கேட்டது. வெண்காடர் ஒரு மூலையில் கைகட்டி நின்றார். அவர் முகம் வெளுத்திருந்ததை ஏகாம்பரம் பார்த்தார்.

ராஜா தட்டைக் கையில் எடுத்தான். ராயர் காதில் ஓத ஓத, அதை அப்படியே சொன்னான்: "சத்திர க்ஷேமாபிவிருத்தி நிமித்தம், களஞ்சிய பரிபாலனாதிகாரம் சர்வமும் தலைவர் வசமாகவும், சபாகூட்டம் நிரந்தர விஸ்ராந்தியாகவும்..."

களஞ்சியத்தில் அத்தனை கேள்வி கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு இலையாக எடுத்தார்கள். ஒரே ஒரு இலை மிச்சம். தட்டு ஏகாம்பரத்தின் முன் வந்து நின்றது. சங்கிலி குலுங்கியது. கை தானாக நீண்டது. இலையைத் தொட்டதும் அந்தப் பரதேசியின் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டார். வேட்டிக்குள் முழங்கால் ஆடிற்று.

"மகாராஜா, எனக்கு விளங்கவில்லை. இதனால் யாருக்கு என்ன கிடைக்கும்? தங்கள் வாயாலேயே ஒருதரம் சொல்லுங்கள்."

ராஜா சொல்ல வாயெடுத்தான். சொல்ல ஒன்றும் வரவில்லை. மெல்லத் திரும்பினான்.

"ராயரே, நான் இப்போது என்ன சொன்னேன்?"

"எல்லாம் வழக்கமானதுதான் மகாராஜா."

"வழக்கமானது என்றால் நல்ல தமிழில் சொல்லும்."

ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. விழுங்கி விழுங்கிச் சொன்னார்: களஞ்சியச் சாவி இனி அவர் கையில், சபை இனிமேல் கூடவே கூடாது. ராஜாவையே யாரும் கேட்கமாட்டார்கள் என்ற இறுமாப்பில் தம் ஆசையையும் சேர்த்து ஓதியிருந்தார் மனிதர்.

கோபத்தில் குதிப்பான் என்று எல்லோரும் நடுங்கினார்கள். ராஜா குதிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"இத்தனை வருஷமாக நீர் ஓதி நான் சொன்னதெல்லாம் என்னென்ன ராயரே?" என்று கேட்டான்.

ராயரின் பதவி அங்கேயே போயிற்று. அவர் விற்ற நெல்லை அவரே குத்திச் சமைத்து, தின்று தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பு. யானையை அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் கழுத்தில் போட்டு, அரசவைக்கும் இந்தப் பழக்கத்தைச் சொல்லித்தரச் சொன்னான், முதல் மாணாக்கன் தானே என்றான். சபைத் தலைமை ஏகாம்பரத்துக்கு வந்தது.

இன்றைக்கும் அந்தச் சத்திரத்தில் யாராவது ஒருவர் கேள்வி கேட்கும்வரை கடைசி இலையை யாரும் தொடுவதில்லையாம். ஏகாம்பரத்துக்குக் கடைசிவரை பயம் தெளியவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் முழங்கால் ஆடத்தான் செய்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டார்.