நாற்றம் போன சேறு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது பிரகாசி மதினி, என் வீட்டுக்காரரின் அக்காள். என் இளைய மகள் வயிற்றில் இருந்த வருஷம் அது. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின சாயங்காலம், கோயில் வாசலில் உட்கார்ந்து ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தோம். காயல் பக்கமிருந்து காற்று வீசியது. பெண்கள் ஒவ்வொருத்தியாக முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். மதினி மட்டும் பொத்தவில்லை. ஓலையை மடித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

கடலுக்கும் கரைக்கும் நடுவே நீளமாக ஒரு மணல்தீவு கிடந்தது. அலையெல்லாம் அதன் முன்பக்கத்தில் மோதி அடங்கிவிடும். தீவின் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாத ஒரு காயல். காயலின் ஓரமெல்லாம் கறுத்த சேறு. சேறு முழுக்க, உப்புத் தண்ணீரிலேயே வளர்கிற உமரிச்செடி. தண்ணீர் ஏறும்போது கடல் ஒரு சின்ன ஓடை வழியாக உள்ளே வரும். கொண்டுவந்த வண்டலை உமரியின் காலடியில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போகும். இப்படித்தான் அந்த மண் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து வந்தது.

அந்தச் சேற்றில் கறுப்பி என்று ஒரு நண்டம்மா இருந்தாள். அவளுக்குக் கைநிறையப் பிள்ளைகள். பக்கத்து வளையில் ஓர் உளுவை மீன். தண்ணீரிலும் நீந்துவான், சேற்றிலும் தத்துவான். கறுப்பியை “மதினி” என்று கூப்பிடுவான். கொஞ்சம் தள்ளி, தீவின் மணல்மேட்டில் ஒரு பெருச்சாளி குடியிருந்தான்.

அந்தச் சேறு நாறும். அழுகின முட்டை நாற்றம். செத்த இலை, செத்த வேர், செத்த மீன் எல்லாம் அதற்குள் போய் மெதுவாக மக்குகிற நாற்றம். ஆனால் அங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு நாள் வானத்தில் பூநாரைக் கூட்டம் வந்தது. ரோஜா நிறத்தில், கால் நீட்டி, கல்யாண ஊர்வலம் மாதிரி! கறுப்பியின் பிள்ளைகள் வளையை விட்டு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

முன்னால் வந்த பூநாரை தாழப் பறந்தது. உடனே கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

“சீ! என்ன நாத்தம்! இதுலயா பிள்ளை பெத்து வளக்குறாங்க? வாங்கடி, வேற இடம் பாப்போம்!”

கூட்டம் போய்விட்டது. பிள்ளைகளில் சின்னவள் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, நாம நாறுறோமாம்மா?”

அன்றைக்கு முழுக்கக் கறுப்பி ஒன்றும் தின்னவில்லை. பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி முக்கிக் கழுவினாள். கழுவின தண்ணீரும் அதே நாற்றம்தான்.

பெருச்சாளி இதையெல்லாம் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மேட்டில் இடம் போதவில்லை. காய்ந்த மண் கிடைத்தால் வளை தோண்டித் தன் கூட்டத்தையெல்லாம் குடிவைக்கலாம் என்று வெகுநாளாக ஆசை. மெல்ல இறங்கி வந்தான்.

“என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு?”

“பூநாரை சொன்னதைக் கேட்டீங்கல்லா அண்ணே? என் பிள்ளைங்க முன்னாடியே சொல்லிட்டா.”

“அவ சொன்னது பொய்யா? நாறத்தானே செய்யுது! சரி, இந்த இடத்துக்குப் பேரு என்ன?”

“காயல்.”

“காயல்னா என்ன அர்த்தம்? காயணும்! காய்ஞ்சாத்தான் அது காயல். பெரியவங்க சும்மாவா பேரு வச்சாங்க? வலைக்காரங்களைப் பாரு. ஈர வலையைச் சுருட்டி வச்சா நாறும். விரிச்சுக் காயப்போட்டா நாறுமா?”

உளுவை சேற்றிலிருந்து இரண்டு கண்ணை மட்டும் தூக்கிச் சிரித்தான்.

“பேரை வச்சுப் பாத்தா பெருச்சாளி பெரிய ஆளா இருக்கணுமே! நேத்து ஒரு பூனைக்குட்டியைப் பாத்து ஓடுனீரே, அது யாரு?”

“உனக்கு என்னலே தெரியும், சேத்துப்பயலே! நீ நாத்தத்துலயே பொறந்தவன்.”

“நாத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராதுவே. மதினி, இவரு பேச்சைக் கேக்காதீங்க. என்னமோ எனக்குப் பயமா இருக்கு.”

“ஏன் பயம்?” என்று கறுப்பி கேட்டாள்.

உளுவைக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. “சும்மாதான்” என்றான்.

சின்னவள் கேட்ட கேள்விதான் கறுப்பியின் காதில் நின்றது. அவள் மற்ற நண்டுகளையெல்லாம் கூப்பிட்டாள். “நம்ம பிள்ளைங்க தலைகுனியக் கூடாது. வாங்க!” என்றாள். எல்லா வீட்டிலும் அதே புண் இருந்ததால் எல்லாரும் வந்தார்கள்.

சேற்றை உருண்டை பிடிக்க நண்டுக்குச் சொல்லித்தர வேண்டாம். உருண்டை உருண்டையாகப் பிடித்து ஓடையின் வாயில் அடைத்தார்கள். பெருச்சாளி மேட்டு மணலைத் தள்ளிவிட்டான். கடல் வந்து பார்த்தது. வழியில்லை. திரும்பிப் போய்விட்டது.

“இது போதாது தங்கச்சி! மேலே காய்ஞ்சாலும் அடியில நாத்தம் இருக்கும். தோண்டிப் புரட்டிப் போடு!”

கறுப்பி தோண்டினாள். வெளிச்சமே பார்க்காமல் உள்ளே உறங்கிக்கொண்டிருந்த கறுஞ்சேற்றை வாரி வாரி வெயிலில் போட்டாள். பிள்ளைகளும் சின்னக் கொடுக்கால் அள்ளிக் கொடுத்தார்கள். பங்குனி வெயில் சுட்டது. கறுப்பு சாம்பலானது. சாம்பல் வெடித்தது. வெடிப்பின் ஓரத்தில் மஞ்சளாகவும் துருப்பிடித்த மாதிரியும் கறை படிந்தது. நாற்றம் நாளுக்கு நாள் குறைந்தது.

ஒரு நாள் காலையில் சுத்தமாக நின்றுவிட்டது!

“அம்மா, நாம இப்போ நாறல!” என்று சின்னவள் குதித்தாள். கறுப்பி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான நாள் அதுதான்.

பெருச்சாளி தன் கூட்டத்தோடு வந்து காய்ந்த மண்ணில் வளை தோண்டிக் குடியேறினான்.

உளுவைக்கு மட்டும் கடைசியாக ஒரு குட்டைத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அதுவும் கையளவாகச் சுருங்கியது. கறுப்பி பார்க்கப் போனாள். அவன் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தான்.

“தம்பி, இப்பவே ஓடை வாயைத் திறக்கச் சொல்றேன்!”

“பெருச்சாளி பாதித் தீவை அங்க தள்ளி வச்சிருக்கான். உங்க கொடுக்காலயா திறப்பீங்க?” மூச்சு வாங்கினான். “மதினி, இன்னும் கொஞ்ச நேரத்துல நான் நாற ஆரம்பிச்சிருவேன். கோவிச்சுக்காதீங்க.”

அவன் பேசினது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு பூநாரைகள் வந்தன. இந்தத் தடவை இறங்கின. கறுப்பி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள்.

“அட, நாத்தமே இல்லையே!” என்றது முன்னால் வந்த பூநாரை. அலகால் மண்ணைக் குத்திப் பார்த்தது. டக்கென்று சத்தம் வந்தது. இன்னொரு இடத்தில் குத்தியது. அங்கேயும் டக்.

“எல்லாம் சரிதான். ஆனா தின்ன என்ன வச்சிருக்க? புழு இல்ல, பூச்சி இல்ல!”

“நாத்தம் போனா வருவீங்கன்னு நெனச்சேனே!”

“நாத்தத்தோட சோறும் போயிருச்சே! நான் என்ன செய்ய?”

பறந்து போய்விட்டன. பிள்ளைகளின் பெயரைக்கூட ஒரு பூநாரையும் கேட்கவில்லை.

உமரி பட்டுப்போயிற்று. மண் காயக் காயக் கீழே அமுங்கியது. செடியின் வேரெல்லாம் அந்தரத்தில் தொங்கியது. கறுப்பி இரண்டு கொடுக்கையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினாள்.

“எங்களைப் படைச்சவரே, தண்ணி தாரும்! வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

ஐப்பசியில் மழை வந்தது. நல்ல மழை. வெடிப்பெல்லாம் குடித்தது, பள்ளமெல்லாம் நிறைந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து நின்றது. அடியில் கிடந்த மணலை எண்ணலாம் போல இருந்தது.

“பாத்தீங்களா, எவ்வளவு சுத்தம்! இறங்குங்க பிள்ளைகளா!” என்றாள்.

அது பிள்ளைகள் சட்டை உரிக்கிற பருவம். பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு எல்லாம் தண்ணீரில் இறங்கின. சின்னவள்தான் முதலில் கத்தினாள்.

“அம்மா, தண்ணி புளிக்குது!”

கறுப்பி வாய் வைத்துப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்த மாதிரி இருந்தது. சேறு எந்தக் கசப்பைத் தன் வயிற்றுக்குள் அடக்கி, நாற்றமாக மட்டும் வெளியே விட்டுக்கொண்டிருந்ததோ, அதெல்லாம் வெயிலில் புளித்து மழையில் இறங்கியிருந்தது.

“ஏறுங்க, ஏறுங்க!”

ஏறினார்கள். புது ஓடு இறுகுவதற்காகக் காத்திருந்தார்கள். விடிந்தது. இறுகவில்லை.

“அம்மா, சட்டை இறுகவே மாட்டேங்குது. தொட்டா வலிக்குது.”

“இறுகிரும் கண்ணு. கொஞ்சம் பொறு.”

நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. கறுப்பி தன் முதுகைத் தடவிப் பார்த்தாள். அவள் ஓடும் சுண்ணாம்பாக உதிர்ந்தது. பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு படுத்தார்கள். சின்னவள் கடைசியாகப் போனாள். அதுவரைக்கும் கறுப்பி அவளைத் தன் வயிற்றின் கீழேயே வைத்திருந்தாள்.

மழையைக் குறை சொல்ல முடியாது. ஆண்டவர் நல்ல தண்ணீரைத்தான் கொடுத்தார். விழுந்த இடம்தான் பழைய மண்ணாக இல்லை.

பிறகு புயல் வந்தது. ஓடை வாயில் வைத்த அடைப்பு உடைந்தது. வெகுநாள் வெளியே நின்ற கடல் ஒரேயடியாக உள்ளே வந்தது. மண் அமுங்கிப்போயிருந்ததால் தண்ணீர் ஆழமாக நின்றது, இறங்கவே இல்லை. பிடித்துவைக்க உமரி இல்லாததால் மிச்ச மண்ணும் கரைந்து போனது. முதுகு சாய்க்க ஒன்றும் இல்லாத மணல்தீவை அலை நடுவில் அறுத்துக்கொண்டு போனது.

பெருச்சாளியின் வளைகளும் முழுகின. அவன் ஒரு கட்டையைப் பிடித்து மிதந்துகொண்டே கத்தினான்.

“நான் என்ன செஞ்சேன் தங்கச்சி? வாயால சொன்னேன்! தோண்டினது நீதானே!”

அவன் சொன்னது உண்மைதான்.

கறுப்பி இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். தண்ணீர் வற்றும்போது திட்டு மாதிரி கொஞ்சம் இடம் தெரியும். அங்கே ஏறி, உதிர்ந்த கொடுக்கால் தோண்டுவாளாம். ஒரு பிடி மண்ணை எடுத்து முகத்தருகே வைத்து மோந்து பார்ப்பாளாம். பழைய நாற்றம் ஒரு துளியாவது வருகிறதா என்று. வராது. கீழே வைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டுவாளாம்.

மதினி சொல்லி முடித்தபோது ஓலையெல்லாம் தீர்ந்திருந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

பிறத்தியார் முகம் சுளித்ததற்காக, நம்மைத் தாங்கிச் சோறு போட்ட மண்ணைப் பார்த்து வெட்கப்பட்டால், அந்த மண் மறுபடியும் நமக்குக் கிடைக்காது.

கேட்ட நீங்கள் எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள்: இனி பஸ்ஸில் காயலைத் தாண்டிப் போகும்போது, ஜன்னலைச் சாத்தாதீர்கள்.