ஆள் வருதா?

ஒரு பட்டணத்துல ஒரு கொட்டகை. பேரு பூலோக விலாஸ். ராஜாவும் கிடையாது, கிளியும் கிடையாது, கொட்டகை கதைதான். கேக்குறதுன்னா படு. 'ம்' போடணும். 'ம்' நின்னா நானும் நிறுத்திருவேன்.

"ம்."

மதுரை தெக்குவாசல் பக்கம் ஆவுடையப்பன்னு ஒரு முதலாளி கட்டினது. பர்மாத் தேக்குல மேடை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் அரைச்சுப் பூசின தூணு, தொட்டா வழுக்கும். முதல்ல நாடகம் நடந்துச்சு. அப்புறம் மேடையில வெள்ளைத்திரையை இழுத்துக் கட்டி சினிமா ஓட்டினாங்க. ணங் ணங்னு மணி அடிச்சா, தெருவே திமுதிமுன்னு உள்ள ஓடும்.

அங்க ஒரு சட்டம். நாற்காலியில துண்டு கிடந்தா, ஆள் உக்காந்திருக்குன்னு அர்த்தம். "ஆள் வருதா?"ன்னு கேக்கணும். "வருது"ன்னா நடையைக் கட்டணும். கலெக்டரா இருந்தாலும் அதான்.

அப்போ ஒரு நாள், மத்தியான ஆட்டத்துக்குக் குருவம்மா வந்தா. கல்யாணத்துக்கு மறுநாள். கூடப் புருசன் மாயழகு. ரெண்டு பேரும் மதுரையைப் பாத்ததே அன்னைக்குத்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நேரா கொட்டகை. வேற ஒரு சந்து தெரியாது, ஒரு மனுசனைத் தெரியாது.

இடைவேளை விட்டாங்க.

"எனக்குக் குடிக்கக் கலரு வேணும்"னா அவ.

"மகாராணிக்குச் சோடா ஆகாதோ?"

"கலருதான். செகப்பு."

அவன் சிரிச்சுக்கிட்டே தோள்ல கிடந்த துண்டை எடுத்து நாற்காலியில போட்டான். "இடத்தை விட்டுராத"ன்னு சொல்லிட்டுப் போனான்.

ணங் ணங். விளக்கு அணைஞ்சுச்சு. படம் ஓடுச்சு, முடிஞ்சுச்சு. மாயழகு வரலை.

"எங்க போனான் தாத்தா?"

குறுக்க பேசாதே. அவளுக்கே தெரியாது. முதலாளி ஆள் விட்டுத் தேடினார். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு. ம்ஹூம். ஒரு ஆள் செகப்புக் கலரு வாங்கிட்டுப் போனான்னு கடைக்காரன் சொன்னான். அதோட சரி.

அவ வெளிய போகலை. தான் தேடிப் போன நேரம் அவன் இங்க வந்து நின்னா? இந்த ஊர்ல அவனுக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதானே. முதலாளி அவளை வாசல்ல டிக்கெட்டு கிழிக்க வெச்சார். துண்டு நாற்காலியிலயே கிடந்துச்சு. அழுக்கானா ராத்திரி ஆட்டம் முடிஞ்சு அலசுவா, கொட்டகைக்குள்ளயே காயவெச்சு மத்தியான ஆட்டத்துக்குள்ள மறுபடி போட்டுருவா.

"ம்."

அப்புறம் தீப்பிடிச்சுச்சு. பிலிம் சுருள் சடசடன்னு பத்தி, திரை போச்சு, முன்வரிசை போச்சு. புது நாற்காலி போட வந்த ஆசாரி துண்டைப் பாத்தான். "என்னக்கா, ஆள் வருதா?"ன்னான். கிண்டல்.

"வருது."

ஆசாரிக்குச் சிரிப்பு நின்னு போச்சு. எல்லா நாற்காலியும் மாத்தினான். அதைத் தொடலை.

அப்புறம் வைகையில வெள்ளம். கொட்டகைக்குள்ள இடுப்பளவு தண்ணி, சளப் சளப்னு. துண்டை நாற்காலி முதுகுல முடிஞ்சுட்டு, பக்கத்துலயே நின்னா. "யக்கோ, வெளிய வா! இந்தத் தண்ணியிலயா ஆள் வருது?"ன்னு கத்தினான் பம்பு வெச்சவன்.

"வரும்"னா. மெதுவா.

"ம்..."

அப்புறம் முதலாளி செத்தார். வீட்டுக்கு வீடு டிவி வந்துச்சு. கொட்டகையில ஆளை விடப் பெருச்சாளி ஜாஸ்தி. முதலாளி மகன் கொட்டகையை வித்துட்டான்.

"இடிக்கப் போறாங்கக்கா. வெளிய வந்துருங்க."

"தம்பி, கொட்டகை இல்லைன்னா அவரு எங்க வருவாரு?"

அவன் அந்த மணியை மட்டும் கழட்டிக் கார்ல போட்டுக்கிட்டுப் போனான்.

அப்போ கடப்பாரை வந்துச்சு. டமார். முதல்ல கூரையைப் பிரிச்சாங்க. கட்டின நாள்லருந்து கொட்டகைக்குள்ள அன்னைக்குத்தான் வெயில் விழுந்துச்சு. குருவம்மா துண்டைப் பாத்தா. அத்தனை காலமும் இருட்டுல பாத்த துண்டு. கிழிய கிழியத் தன் பழைய சேலையை வெட்டி ஒட்டுப் போட்டுத் தச்சிருந்தா. இப்போ விரிச்சுத் தேடுறா. மஞ்சச் சேலை, கத்தரிப்பூ சேலை, கட்டம் போட்ட சேலை. அவன் துண்டுல ஒரு நூலு கூட மிச்சம் இல்லை.

கையில டீ கிளாஸோட இடிக்கிறவன் ஒருத்தன் வந்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. கால் கடுக்குது. உக்காரப் போனவன் துண்டைப் பாத்துட்டு நின்னான்.

"ஆத்தா, இங்க ஆள் வருதா?"

அவன் கிண்டல் பண்ணலை. மதுரைக்காரன், கேட்டுத்தானே உக்காரணும்.

அவ வாசப்பக்கம் திரும்பிப் பாத்தா. வாசல் இல்லை. ரோடு தெரிஞ்சுச்சு.

"வரலைப்பா. உக்காரு."

துண்டை எடுத்துத் தூசி தட்டி மடிச்சா. அவன் உக்காந்து டீயைக் குடிச்சான். குடிச்சு முடிச்சு எந்திரிச்சான். கடப்பாரையை ஓங்கினான்.

டமார்.

என்ன, 'ம்'மைக் காணோம்? கண்ணு முழிச்சுத்தானே இருக்கு.

"அந்தம்மா எங்க போனாங்க?"

கலர்க்கடை இருந்த பக்கம். மாயழகு போன வழியா.

கொட்டகையும் போச்சு, கதையும் போச்சு. போர்வையை இழுத்துக்கோ. தூங்கு.