மீசையில்லாத போஸ்டர்

எங்கள் பள்ளித் தாளாளர் அரங்கநாயகத்துக்கு முறுக்கு மீசைதான் பெருமை. எந்த விழா நடந்தாலும் பேனர் முழுக்க அவர் முகம்தான். என்ன விழா என்பது மூலையில் எறும்பு சைஸில் இருக்கும். கோடைக் கலைப் பயிற்சிக்கும் அப்படித்தான் வைத்தார். ஒரு பிள்ளையும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மலை, நடுவில் சூரியன், இதைத் தவிர வேறொன்றும் வரைந்தறியாத பிள்ளைகள்!

பழியெல்லாம் பகுதிநேர ஓவிய ஆசிரியை ஜெசிந்தாவின் தலையில் விழுந்தது.

“நாளைக்குள்ள நூறு பேர் சேரணும் டீச்சர். இல்லன்னா உங்க ஓவிய அறை என் பேனருக்கு குடோன். புது போஸ்டர்லயும் என் முகம்தான் பெருசா இருக்கணும்!”

“இன்னும் பெருசாவே வரையறேன் சார்.”

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஆளுயரத்துக்கு அவர் முகம். மீசை மட்டும் இல்லை. கீழே எழுதியிருந்தது:

“மீசையைக் காணோம்! களிமண்ணில் பிடித்தோ, காகிதத்தில் வெட்டியோ, வெண்டைக்காயால் அச்சுக் குத்தியோ செய்து தருபவர்கள் ஓவிய அறைக்கு ஓடி வரவும்.”

மணியடிப்பதற்குள் அறையில் கால் வைக்க இடமில்லை. களிமண்ணையே தொடாத பிள்ளைகளுக்கு முழங்கை வரை சேறு.

தாளாளர் கொதித்துக்கொண்டு வந்தார். “என் மீசை எங்க டீச்சர்?”

ஜெசிந்தா, சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை நீட்டினார்.

“நூத்திப் பன்னெண்டு தயாரா இருக்கு சார். எது வேணும்னு நீங்களே பாத்து எடுத்துக்குங்க.”